'ம்' என்றால் ஒண்ணுமில்ல

மார்ச் 3, செவ்வாய்

இன்று ஒருவருடைய கல்யாணத்திலிருந்து அவர் மாமனாரின் இருமலை எடுத்தேன். இருமல் இருந்த இடத்திலெல்லாம் இப்போது மெல்லிய இசை. வாடிக்கையாளர் கீழே ஒரு குறிப்பு எழுதியிருந்தார்: "முடிந்தால் மாமனாரையே எடுத்துவிடவும்." அது மேல்தட்டுத் திட்டத்தில்தான் முடியும். அவர் இருப்பது இருமல் திட்டத்தில்.

இதற்குத்தான் இயற்பியல் படித்தேன். எங்கள் பரம்பரையிலேயே பட்டம் வாங்கிய முதல் ஆள் என்று சித்தி எல்லோரிடமும் சொல்கிறாள். வாங்கி என்ன செய்கிறாள் என்று யாராவது கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுகிறாள். அம்மா அப்படியில்லை. "கம்ப்யூட்டர்ல துவைக்கிறா" என்று நேராகச் சொல்லிவிடுவாள். உண்மைதானே? காதுக்குப் பின்னால் ஒரு வில்லையை ஒட்டிக்கொண்டு கண்ணை மூடினால், வாழ்ந்த நாட்களில் எது வேண்டுமோ அது திரும்ப ஓடும். கறை நீக்கி, கஞ்சி போட்டு, மடித்து. கம்பெனி அதற்கு வைத்த பெயர் 'மறுபடி'. எங்கள் தளத்தில் 'நினைவு மேம்பாட்டுப் பிரிவு' என்று பலகை தொங்குகிறது. நான் சலவைப் பிரிவு என்கிறேன். மனசுக்குள்தான். நான் ஒரு நாளில் வெளியே விடுகிற வார்த்தைகளைத் தீப்பெட்டிக்குள் போட்டு மூடிவிடலாம்.

மேலாளர் இன்றும் என் முதுகுக்குப் பின்னால் நின்று, "மெருகு பத்தல, இன்னும் மெருகு" என்றார். அவருக்கு மெருகு என்றே பெயர். வைத்தது பக்கத்து நாற்காலி. அதாவது எனக்குப் பக்கத்தில் உட்காருகிறவள். நான் மிச்சம் பிடிக்கிற வார்த்தைகளையும் சேர்த்து அவளே செலவழித்துவிடுவாள்.

சாயங்காலம் வாசல் செய்திகள். அம்மாவுக்கு ஒரு பெரிய மருத்துவமனை வாசலில் பார்வையாளர் சீட்டு கொடுக்கிற வேலை. யாரைப் பார்க்கணும், என்ன உறவு, எந்த மாடி என்று கேட்பதற்குள் ஆளின் பூர்வீகத்தையே கறந்துவிடுவாள். இன்று ஒரே நோயாளியைப் பார்க்க இரண்டு பெண்கள் வந்து, உறவு 'மனைவி' என்றார்களாம். அம்மா இருவருக்கும் சீட்டுக் கொடுத்து ஒரே லிஃப்டில் ஏற்றிவிட்டாள். நான் வெங்காயம் உரித்துக்கொண்டே "ம்" கொட்டினேன். "மேல போய்ச் சேர்றதுக்குள்ள ரெண்டும் சிநேகமாயிடுச்சு" என்றாள். "ம்?" என்றேன். "அந்த ஆளைத்தான் தீவிர சிகிச்சைக்கு மாத்திட்டாங்க."

மார்ச் 9, திங்கள்

கூட்டம். தமிழ் நினைவுகளில் இயந்திரம் ஓரிடத்தில் திரும்பத் திரும்பத் தடுக்கி விழுகிறதாம். மெருகு திரையில் போட்டுக் காட்டினார். நூற்றுக்கணக்கான வீடுகள், நூற்றுக்கணக்கான ஆட்கள், எல்லோரும் "ம்", "ம்", "ம்". இது பேச்சா, இரைச்சலா? பேச்சென்றால் என்ன அர்த்தம்?

அவரும் வீட்டில் ம் கொட்டுகிறவராகத்தான் இருப்பார். ஆனால் தமிழைக் குடையோடு வாசலிலேயே வைத்துவிட்டு உள்ளே வருகிற மனிதர்.

என்னைப் பார்த்தார். "நீங்கதானே தமிழ்? சொல்லுங்க. ம்-னா என்ன?"

எனக்குத் தெரியும். ஒலி ஏறினால் கேள்வி. இறங்கினால் சரி. இழுத்தால் நம்பவில்லை. வெட்டினால் கோபம். கதை நடுவே வந்தால், நான் எங்கேயும் போகவில்லை, மேலே சொல். எல்லாம் வரிசையாகத் தொண்டை வரைக்கும் வந்து நின்றன. அறை முழுக்கத் தலைகள் என் பக்கம் திரும்பின. வந்தவையெல்லாம் வந்த வழியே இறங்கிப் போய்விட்டன.

"ஒண்ணுமில்ல சார்" என்றேன்.

நாம் எதற்குத்தான் ஒண்ணுமில்ல சொல்வதில்லை? முட்டி பெயர்ந்தால் ஒண்ணுமில்ல. தலையணை நனைந்தால் ஒண்ணுமில்ல. என்னை விட்டுவிடுங்கள் என்பதற்குத் தமிழில் அதுதான் மரியாதையான வார்த்தை.

மெருகு தலையாட்டிக்கொண்டே தட்டச்சினார். 'ம்': ஒண்ணுமில்ல. வெற்றிடம். நிரப்பவும்.

பக்கத்து நாற்காலி காலால் என்னை இடித்தாள். நான் காலை இழுத்துக்கொண்டேன். கூட்டம் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டது.

மார்ச் 10, செவ்வாய்

பாராட்டு வந்திருக்கிறது. கைதட்டும் பொம்மை ஒன்று, திரையில், தானாக நிற்கமாட்டேன் என்கிறது.

மார்ச் 20, வெள்ளி

ஊழியர் குடும்பத்துக்கு ஒரு வில்லை இலவசம். அம்மாவிடம் கொடுத்தேன். நான் சம்பாதித்து அவளுக்குக் கொடுத்த பொருட்களில் இதைத்தான் பெட்டி பிரிக்காமல் நெடுநேரம் கையில் வைத்திருந்தாள். அவளுக்கு வேண்டிய நாள் எது என்று எனக்குத் தெரியும். நான் பட்டம் வாங்கிய நாள்.

அந்த நாள் உண்மையில் எப்படி நடந்தது என்றால்: மேடையில் பட்டம் கொடுத்த பெரிய மனிதர் என்னிடம், "அடுத்து என்ன பண்ணப் போறே?" என்று கேட்டார். நான் அவருடைய சட்டைப் பொத்தானைப் பார்த்து "ம்" என்றேன். அவர் காத்திருந்தார். பொத்தானும் காத்திருந்தது. அப்புறம் என்னை மெதுவாகத் தோளைத் தொட்டு நகர்த்திவிட்டார்கள். அம்மா கீழே உட்கார்ந்து அழுதாள், சந்தோஷத்தில். இவ்வளவுதான்.

ஏப்ரல் 2, வியாழன்

"என்னமா பேசினடி மேடையில" என்றாள் அம்மா காலையில்.

நான் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தேன். எப்போ என்றேன்.

"அந்தப் பெரியவர் கேட்டதுக்கு. எங்கம்மா வாசல்ல நின்னு எனக்கு வாசல் திறந்துவிட்டாங்க, நான் ஊருக்கே திறப்பேன்னு. சுத்தியிருந்தவங்க எல்லாம் எழுந்து கை தட்டினாங்களே."

நான் சொல்லவேயில்லை அம்மா என்று சொல்லியிருக்க வேண்டும். அவள் முகம் அவ்வளவு வெளிச்சமாக இருந்தது. அதுவுமில்லாமல், யாரோ எழுதிய வசனமாக இருந்தாலும் என்னைப் பற்றி யாரும் இவ்வளவு நன்றாகச் சொன்னதில்லை.

ஏப்ரல் 11, சனி

சித்தியும் ஒரு வில்லை வாங்கிவிட்டாள். மாமியாரோடு போட்ட சண்டைகளை மட்டும் பார்க்கிறாள். எல்லாவற்றிலும் அவளே ஜெயிக்கிறாளாம். "அந்தக் கிழவி பதில் பேச முடியாம நிக்கிறா பாரு" என்று கண்ணை மூடிக்கொண்டு எனக்குக் காட்டுகிறாள். எனக்கு என்ன தெரியும்? சித்தியின் மூடிய கண்தான்.

அம்மா வாசலில் உட்கார்ந்தே மறுபடி பார்க்கிறாளாம். நேற்று கண் மருத்துவத்துக்கு வந்தவர்களையெல்லாம் பிரசவ வார்டுக்கு அனுப்பிவிட்டாள். குழந்தைகளைப் பார்த்துவிட்டு யாரும் புகார் செய்யவில்லை.

சிரிக்கத்தான் எழுதினேன். சிரிப்பு வரவில்லை.

ஏப்ரல் 19, ஞாயிறு

வாசல் செய்திகள் நின்றுவிட்டன. எப்போது நின்றது என்றே தெரியவில்லை. அடுப்பு வெளிச்சம் அணைகிற மாதிரி.

இன்று நானே போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். கேட்க ஆள் வந்தால் அம்மா தானாகத் திறந்துகொள்வாள். ஏதோ ஆரம்பித்தாள், வாசலில் ஒருத்தர் ஆட்டுக்குட்டியோடு வந்தார் என்று. நான் "ம்" என்றேன். அவள் நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள்.

"என்னடி, நான் பேசிக்கிட்டே இருக்கேன், நீ பாட்டுக்கு இருக்க?"

மறுபடி "ம்" என்றேன், கொஞ்சம் சத்தமாக. அவள் காதில் விழவில்லை. காது நன்றாகத்தான் கேட்கிறது. குழாய் சொட்டுவது கேட்கிறது. என் ம் மட்டும், வில்லை துடைத்தெடுத்தது போல, கேட்கவில்லை. கையை விசிறிவிட்டு வில்லையை எடுத்து ஒட்டிக்கொண்டாள். ஆட்டுக்குட்டி என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியாது.

ஏப்ரல் 22, புதன்

வில்லையை ஒளித்து வைத்தேன். அம்மா அலமாரியைக் கவிழ்த்தாள், மெத்தையைக் கிழித்தாள், கடைசியில் என் பையைக் கொட்டினாள். கிடைத்ததும் என்னைப் பார்த்த பார்வை — வீட்டு ஆளைப் பார்க்கிற பார்வையில்லை அது. "என் பொண்ணுகிட்ட சொல்றேன் இரு" என்றாள்.

யாரிடம்?

ஏப்ரல் 24, வெள்ளி

ஊழியர்கள் தங்கள் குடும்பத்துத் துணியைத் துவைக்கக் கூடாது. விதி. அதனால் பக்கத்து நாற்காலி அவள் திரையில் அம்மாவின் நினைவுகளைத் திறந்து, தலைவலி என்று எழுந்து போய்விட்டாள்.

பார்த்தேன்.

என் சட்டை. என் கட்டில். கட்டிலின் மேல் காலாட்டிக்கொண்டு உட்கார்ந்து நான் பேசுகிறேன். அம்மா துணி மடித்துக்கொண்டிருக்கிறாள். நான் ம் சொன்ன இடத்தையெல்லாம் இயந்திரம் எடுத்துவிட்டு, அதற்குள் இந்தப் பேசுகிறவளை உட்காரவைத்திருக்கிறது. "அம்மா, உன் கை பட்டா துணியும் சிரிக்குதும்மா." எந்தப் பெண்ணாவது அம்மாவிடம் இப்படிப் பேசுவாளா? பேசுகிறாள். தலையைச் சாய்த்து, பல் தெரியச் சிரித்து. நான் அம்மாவோடு வாழ்ந்த வருடங்களில் பாதி ம்-தான். ஆக, பாதி அவள்.

திரும்பி வந்த பக்கத்து நாற்காலியிடம், பழைய நினைவு அடியில் இருக்கும்தானே என்றேன். அவள் உதட்டைப் பிதுக்கினாள். "ஒவ்வொரு தடவை பார்க்கும்போதும் பார்த்ததுதான்டி பதியுது. மேல பூசுறது இல்ல. சுவரையே மாத்துறது."

சோற்றில் பங்கு கேட்டாலும் அந்தத் திரைக்காரிக்குக் கொடுத்திருப்பேன். அவள் எடுத்துக்கொண்டது அம்மாவை.

ஏப்ரல் 30, வியாழன்

மெருகின் அறைக்குப் போனேன். நானாக. வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன்.

"சார், ம்-னா ஒண்ணுமில்லன்னு நான் சொன்னது, அர்த்தம் அது இல்ல சார். நான் பதில் சொல்லலன்னுதான் அர்த்தம்."

அவர் முதலில் புரியாமல் பார்த்தார். புரிந்தது. பிறகு சந்தோஷப்பட்டார். அதுதான் என்னைப் பயமுறுத்தியது. வரைபடம் ஒன்றைத் திருப்பிக் காட்டினார். வில்லையைக் கழற்றவே கழற்றாதவர்கள் யார் தெரியுமா என்று கேட்டார். காதலர்கள் இல்லை, பணக்காரர்கள் இல்லை. வாய் திறக்காத பிள்ளைகளைப் பெற்றவர்கள். ம் கொட்டும் கணவன்மாரைக் கட்டியவர்கள். "நீங்க சொன்ன அந்த ஒரு அர்த்தம்தான் இந்த வருஷம் நம்மளைக் காப்பாத்துது" என்றார். அடுத்த மாதம் தனித் திட்டமாகவே போடுகிறார்களாம். பெயர் 'கலகல'.

மனப்பூர்வமாகத்தான் சொல்கிறார். அயோக்கியனாக இருந்தால் திட்டலாம். இந்த மனிதரை என்ன செய்வது?

மே 4, திங்கள்

எழுத்து கோணலாக வருகிறது, வரட்டும்.

வேலை முடிந்து வந்தேன். கதவு உள்ளே சங்கிலி போட்டிருந்தது. இடுக்கு வழியாக அம்மாவின் முகம். வாசலில் உட்கார்ந்திருக்கும்போது வைத்துக்கொள்கிற முகம்.

"யாரைப் பார்க்கணும்?"

அம்மா, நான்தான் என்றேன்.

"என்ன உறவு?"

விளையாடுகிறாள் என்று நினைத்தேன். சிரிக்கக்கூடச் சிரித்தேன் கொஞ்சம். அவள் சிரிக்கவில்லை. நான்தாம்மா, நான்தாம்மா என்று நின்றேன். வேறு என்ன சொல்வது? யார் என்று நிரூபிக்க வேண்டிய நேரத்திலும் எனக்குப் பேச்சு வரவில்லை. அவள் ஒரு தாளைக் கிழித்து எழுதினாள். பழக்கதோஷம். "தெரிஞ்சவங்கன்னு போட்டுக்கிறேன்" என்று இடுக்கு வழியாக நீட்டினாள். "என் பொண்ணு வர்ற நேரம். அதுவரைக்கும் முன் அறையில உக்காரு. உள்ள வரக் கூடாது."

பார்வையாளர் சீட்டு வாங்கிக்கொண்டு என் வீட்டுக்குள் நுழைந்தேன்.

மே 5, செவ்வாய்

சித்தியை வரவழைத்தேன். வந்தவள் அம்மாவைப் பிடித்து உலுக்கினாள். "பைத்தியமாடி உனக்கு? உன் பொண்ணுடி இவ."

அம்மா நிதானமாகச் சொன்னாள்: "சாயல் இருக்கு. ஒத்துக்கிறேன். ஆனா என் பொண்ணு இப்படி உம்முனு உக்காந்திருக்க மாட்டா."

சித்தி என்னைத் திரும்பிப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். கை மெல்லக் காதுக்குப் பின்னால் போயிற்று.

"ஆமா... அவ கொஞ்சம் கலகலன்னு இருப்பால்ல?"

பரம்பரைக்கே முதல் பட்டதாரி. சாட்சி சொல்ல நாதியில்லை.

மே 7, வியாழன்

கம்பெனி உதவி எண்ணில் ஒரு குரல் வருத்தம் தெரிவித்தது. அந்தக் குரலுக்கும் மெருகு ஏற்றியிருந்தார்கள். வில்லையைக் கழற்றினாலும் மாறியது மாறியதுதான். அடியில் எதுவும் மிச்சமில்லை.

மெருகு கூப்பிட்டு உட்காரவைத்தார். தண்ணீர் கொடுத்தார். வழி இருக்கிறது என்றார், ரொம்ப எளிது. அம்மாவை மாற்ற முடியாது, என்னை மாற்றலாம். நானும் ஒட்டிக்கொண்டால் அதே நாட்கள் எனக்கும் அப்படியே பதிந்துவிடும். நான் பேசியதாக எனக்கே நினைவிருக்கும். அம்மாவும் பொண்ணும் ஒரே கதையில். "உங்களுக்கும் நல்லதுதானேம்மா? எத்தனை நாளைக்கு இப்படி வாயில பூட்டு போட்டுக்கிட்டு?"

சிறிய பெட்டி. அன்பளிப்பு என்று ரிப்பன் வேறு.

மே 10, ஞாயிறு

ஒட்டினேன்.

ஒரே ஒரு தடவை. மேடை. பொத்தான் தெரிந்தது. பிறகு நான் நிமிர்ந்தேன் — என் கழுத்து அவ்வளவு நீளமா? என் குரல் மண்டபத்தின் கடைசி வரிசை வரைக்கும் போயிற்று. எழுந்து நிற்கிறார்கள். நான் அழகாகக்கூட இருக்கிறேன்.

வசனம் மட்டம்தான். இருந்தாலும்.

இன்னும் ஒரு தடவை.

மே 12, செவ்வாய்

அற்புதமான நாள். கூட்டத்தில் எழுந்து ம் பற்றி விளக்கினேன். அறையே அசந்துவிட்டது. மெருகு தன் நாற்காலியை எனக்குக் கொடுத்து நின்றுகொண்டே கேட்டார். ஒரு நகைச்சுவையும் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார்கள். மாலையில் அம்மாவும் நானும் முன் அறையில் உட்கார்ந்து பேசித் தீர்த்தோம். அவள் என் கன்னத்தைக் கிள்ளி, என் தங்கம் என்றாள். எதற்கு இவ்வளவு நாள் பயந்தேன்? பேசுவது ஒரு பெரிய விஷயமே இல்லை. இந்த நாட்குறிப்புகூட இனி எதற்கு?

மே 14, வியாழன்

முந்தைய பக்கத்தில் இருப்பது என் கையெழுத்து. நடந்தது ஒன்றுகூட இல்லை.

பக்கத்து நாற்காலி நேற்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தாளாம். முன் அறைக் கதவு திறந்திருந்ததாம். நான் ஒரு சுவரோரம், அம்மா எதிர்ச் சுவரோரம். இருவர் காதுக்குப் பின்னாலும் வில்லை. கண் மூடி, முகமெல்லாம் சிரிப்பு. அவள் கூப்பிட்டும் திரும்பவில்லையாம். நெடுநேரம் நின்று பார்த்திருக்கிறாள். இருவரும் வாயே திறக்கவில்லை.

இல்லையே, பேசினோமே, செவ்வாய்க்கிழமை கூட்டத்தில்கூடப் பேசினேனே என்றேன்.

"செவ்வாய்க்கிழமை கூட்டமே இல்லடி" என்றாள். "நாள் முழுக்க நாற்காலியில சிலை மாதிரி உக்காந்திருந்த. மெருகு ரெண்டு தடவை கூப்பிட்டாரு. நீ திரும்பக்கூட இல்ல." வாய் நீளக்காரிக்கு அதற்கு மேல் வார்த்தை கிடைக்காததை முதன்முதலாகப் பார்த்தேன்.

ஆக, வில்லை என்னைப் பேச வைக்காது. பேசியதாக நினைக்க வைக்கும். அம்மா அவளுடைய என்னோடு, நான் என்னுடைய அம்மாவோடு. நடுவில் யாரும் துடைக்காத தரை.

கழற்றி அவள் கையில் கொடுத்தேன். கைப்பிடிச் சுவரில் தேய்த்து உடைத்தாள். உடைக்கும்போது எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இப்போதும் எரிகிறது. கை அடிக்கொருதரம் காதுக்குப் பின்னால் போகிறது. மேடையில் அந்தக் கழுத்து... வேண்டாம்.

மே 15, வெள்ளி

ராஜினாமா. மெருகு காரணம் கேட்டார். ஒண்ணுமில்ல சார் என்றேன். இந்தத் தடவை வேண்டுமென்றே.

மே 19, செவ்வாய்

முன் அறைவாசியாக வாழ்க்கை. அம்மா என்னை விரட்டவில்லை. ஆதரவில்லாத பெண் என்று தானே முடிவுகட்டிவிட்டாள். ஆஸ்பத்திரியில் அவளுக்குக் கட்டாய விடுப்பு கொடுத்திருக்கிறார்கள். பிணவறைக்குப் பார்வை நேரம் போட்டுக் கொடுத்தாளாம். பகலெல்லாம் வீட்டில். நான் பெருக்குகிறேன், சமைக்கிறேன். "உன் கைப்பக்குவம் என் பொண்ணு மாதிரியே இருக்கு" என்கிறாள். நல்லவேளை, இயந்திரத்துக்குச் சமைக்கத் தெரியவில்லை.

மே 27, புதன்

இன்று அம்மா வில்லையை எரிச்சலோடு கழற்றிப் பாத்திரத்துக்குள் போட்டு மூடினாள். நான் பாத்திரத்தைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தேன்.

"என் பொண்ணு தங்கம்தான். இல்லேங்கல" என்றாள் என்னிடம். "ஆனா வாயை மூட மாட்டேங்கறா. நான் ஒரு வார்த்தை ஆரம்பிச்சா அவ ஒன்பது வார்த்தை. என்னைப் புகழ்ந்துக்கிட்டே இருந்தா நான் எப்பப் பேசுறது?"

வெற்றிடத்தையெல்லாம் நிரப்பிக்கொண்டே வந்த இயந்திரம், அம்மா மூச்சு வாங்குகிற இடத்தையும் நிரப்பிவிட்டது போலிருக்கிறது. வாடிக்கையாளருக்குப் பேச்சு வேண்டும் என்று நினைத்தார்கள். எங்கள் அம்மாவுக்கு வேண்டியது காது.

வாசலில் நடந்தது ஒன்றைச் சொல்ல ஆரம்பித்தாள். நான் ம் கொட்டினேன். விழவில்லை. அவள் குரல் தயங்கி இறங்கிற்று. இன்னும் ஒரு நொடி விட்டால் பாத்திரத்தைத் திறந்துவிடுவாள்.

"அப்புறம்?" என்றேன்.

சின்ன வார்த்தைதான். மலையைப் புரட்டியது போல் வியர்த்துவிட்டது. அம்மா நிமிர்ந்தாள். அப்புறம் என்ன ஆச்சுன்னா என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

ஜூன் 1, திங்கள்

அப்புறம்? அப்படியா? யாரு, அவளா? நெசமாவா? — வார்த்தைகளை ஒவ்வொன்றாகக் கடையில் வாங்குவது போல் வாங்கிச் சேர்க்கிறேன். சாயங்காலத்தில் தொண்டை வலிக்கிறது. அம்மாவுக்கு வலிப்பதில்லை.

நேற்று முழுக்கப் பாத்திரம் மூடியே கிடந்தது. ஒருமுறை மூடி மேல் கை வைத்தாள். "வேணாம், அவ ஆரம்பிச்சிடுவா" என்று எடுத்துவிட்டாள்.

இருந்தாலும் நான் யார் என்பது அவளுக்குத் தெரியாது. அது வராது என்கிறார்கள். வராது.

ஜூன் 6, சனி

சாயங்காலம் அம்மா திடீரென்று கேட்டாள், உங்க வீட்டுல உன்னைத் தேடமாட்டாங்களா என்று.

என்ன சொல்வது? "எங்க அம்மாவுக்கு நான் இங்க இருக்கிறது தெரியாது" என்றேன்.

பிடித்துக்கொண்டாள். என்ன பொண்ணு நீ, பெத்தவ வயிறு என்ன பாடுபடும், சொல்லிட்டு வரக் கூடாதா, இந்தக் காலத்துல வாசலுக்கு வாசல் எத்தனை பேர் காணாமப் போனவங்களைத் தேடிக்கிட்டு வர்றாங்க தெரியுமா, நான் பார்க்கிறேனே தினம். நான் சின்ன வயதில் வாங்கிய அதே திட்டு, அதே ஏற்ற இறக்கம். ஒரு சொல்கூட மாறவில்லை, கேட்டுக்கொண்டு நின்றேன். "எடு போனை. இப்பவே பேசு" என்றாள். இடுப்பில் கை வைத்து எதிரே நின்றாள்.

எனக்குத் தெரிந்த அம்மா எண் ஒன்றுதான்.

சமையலறையில் அவளுடைய போன் அடித்தது. "இரு, என் பொண்ணு கூப்பிடுறா" என்று உள்ளே ஓடினாள். நான் முன் அறையில் நின்றேன். அவள் குரல் சுவர் வழியாக ஒரு தரமும் போன் வழியாக ஒரு தரமும் கேட்டது.

"சொல்லுடி. சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்."

"எங்க இருக்க?"

"ஒருத்தர் வீட்டுல. நல்லா பார்த்துக்கறாங்க."

பிறகு குழாய் சொட்டுவது இரண்டு காதிலும் கேட்டது. நான் எதையும் போட்டு நிரப்பவில்லை. அவளும் நிரப்பவில்லை.

"சும்மா உக்காந்திருக்காத" என்றாள் கடைசியில். "அவங்களுக்குக் கூடமாட ஒத்தாசை பண்ணு."

"சரிம்மா."

புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். "என் பொண்ணுதான். இன்னிக்கு என்னவோ அளவாப் பேசினா. நல்லா இருந்துச்சு." என் போனைப் பார்த்தாள். "நீ பேசினியா? உங்கம்மா என்ன சொன்னாங்க?"

"உங்களுக்கு ஒத்தாசை பண்ணச் சொன்னாங்க."

"வளர்த்தவங்க நல்லாத்தான் வளர்த்திருக்காங்க" என்றாள். "பின்ன என்ன நிக்கிற? வந்து அந்தத் துணியோட இன்னொரு முனையைப் பிடி, மடிக்கணும்."